கரும்பலகையின் வலது ஓரம்

பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. வழமைபோல் காலை ஏழு மணிக்குப் பாடசாலை ஆய்வுகூடத்தைத் திறந்தோம். நான் யன்னல்களைத் திறந்து கரும்பலகையைத் துடைத்தேன். ஆய்வுகூட உதவியாளர் ஜெசிந்தா அக்கா சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்கினார்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. கொக்கிளாய்க்காரி. வெளிவாரிப் பட்டப் படிப்பில் எல்லாப் பாடமும் சித்தி. சேதன இரசாயனம் மட்டும் இரண்டு தரம் தவறிவிட்டது. இன்னும் ஒரு தரம்தான் எழுதலாம். அதுவும் போனால் பட்டம் இல்லை. இடைவேளைகளில் நான் கேள்வி கேட்பதென்று பேசியிருந்தோம். அன்றைய இடைவேளையில் தொடங்கினேன்.

“அக்கா, புரொப்பனோன் எதிலயிருந்து செய்யலாம்?”

“பொறுங்கோ டீச்சர்.”

கண்ணை மூடி, கொப்பியின் முதல் பாடமான அற்கேனில் தொடங்கினார். பிறகு அற்கீன், அற்கைன். ஒவ்வொரு இரசாயனத் தாக்கத்துக்கும் பெருவிரல் ஒரு விரற்கணுவைத் தொட்டது. ஒன்றிலும் பிழையில்லை. அற்ககோலுக்கு வரும்போது மணி அடித்துவிட்டது.

“நடுவில இருந்து தொடங்கேலாதோ?”

“செபமாலை மாதிரியெல்லோ பாடமாக்கினனான். நடுவில விட்டா திரும்ப முதல்லயிருந்துதான்.”

“மாதா காத்துக்கொண்டு இருப்பா அக்கா. சோதனை மண்டபத்தில நிக்கிறவை இருக்க மாட்டினம்.”

சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “போன முறையும் பேப்பரை வாங்கேக்க அற்ககோலிலதான் நிண்டனான். இது என்ர தலையில ஏறாது எண்டு நினைச்சிட்டன்.”

பாடசாலை விட்டதும் மறுபடி அமர்ந்தோம். பலகையின் வலது ஓரத்தில் புரொப்பனோனை வரைந்து, இடப்பக்கத்தை வெறுமையாக விட்டேன்.

“சொதி வைக்க நினைச்சா, கடையில முதல் தட்டில இருந்து எல்லாச் சாமானும் பாப்பியளோ?”

“எனக்கென்ன விசரே? சொதிக்கு வேண்டினதைத்தான் தேடுவன்.”

“இதுக்கும் அப்பிடித்தான். கடைசியா என்ன நடந்திருக்கும்?”

வெகுநேரம் பார்த்தார். “நடுக் காபனில இரட்டைப் பிணைப்போட ஒட்சிசன்... முதல் அதில OH இருந்திருக்கும். ஒட்சியேற்றியிருக்கினம்.” சோக்கட்டியை என் கையிலிருந்து வாங்கினார். “அந்த அற்ககோல் புரொப்பீனில இருந்து. ஐதான சல்பூரிக்கமிலம்.”

விரல்கள் எண்ணவில்லை.

“இவ்வளவுதானோ?”

“பாடமாக்கினது வீணில்லை அக்கா. எங்கயிருந்தும் தொடங்கப் பழகவேணும். கொப்பியை மூடிப்போட்டு, நாளுக்கு ஒண்டு.”

மாணவர்களுக்கும் இப்போது இதையே சொல்கிறேன்: தாக்கங்களை மனனம் செய்யுங்கள், பிறகு குறிப்பைப் பாராமல், விடையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

புதன் காலை அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். யன்னல்கள் திறக்கப்படவில்லை. குழாய்கள் கழுவப்படாமல் தொட்டியில் கிடந்தன. பலகையின் வலது ஓரத்தில் எதனொயிக்கமிலம். அதற்கு இடப்பக்கம் எதனல், அதற்கும் இடப்பக்கம் எதனோல்.

நான் துடைப்பானை எடுத்தேன்.

“துடைச்சுப் போடாதேங்கோ டீச்சர்,” என்றார் திரும்பாமலே. “இன்னும் ஒண்டு பின்னால போகலாம்.”