தமிழச்சி இல்லையென்றால்

சந்திரகலா எந்த ஸ்பானியச் சொல்லையும் ஒரு தடவையோடு விடுவதில்லை. ஆசிரியர் ‘சிலேனோ’ என்றால், இவர் வாய்க்குள்ளேயே ‘சிலேனோ, சிலேனா’ என்று இரண்டையும் சொல்லி முடிப்பார். சிலி நாட்டு ஆண், சிலி நாட்டுப் பெண். ஆசிரியர் பெருவுக்கும் கொலம்பியாவுக்கும் போய்ச் சேர்ந்த பிறகும் இவர் சிலியிலேயே நிற்பார். கடைசி எழுத்தை மட்டும், கடையில் தக்காளியை அமுக்கிப் பார்ப்பதுபோல, திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்ப்பார்.

ஃபேர்ஃபீல்ட் நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமை காலை வகுப்பு. தென்னமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கப் போகும் ஓய்வுபெற்ற தம்பதிகள் இரண்டு பேர், ஒரு தாதி, காதலிக்காகப் படிக்கும் ஓர் இளைஞன், அலுவலகம் கட்டணம் கட்டுவதால் வந்து உட்கார்ந்திருக்கும் நான். இவர்களுக்கு நடுவே அறுபதை எட்டும் யாழ்ப்பாணத்துப் பெண்ணான சந்திரகலா. கதவுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டார். மேசையில் ஃப்ளாஸ்க் நிறைய இஞ்சித் தேநீர் இருக்கும். அதை யார் கேட்டாலும் கொடுப்பார், கேட்காதவருக்கும் கொடுப்பார்.

முதல் நாள் நான் “ஆன்ட்டி” என்று கூப்பிட்டுவிட்டேன். “ஐயோ, என்னை அன்ரி ஆக்காதேங்கோ. அக்கா எண்டாக் காணும்” என்றார். ‘காணும்’ என்றால் ‘போதும்’ என்று பிறகுதான் புரிந்தது. மதுரைக்காரியான எனக்கு அவருடைய தமிழும், அவருக்கு என்னுடைய தமிழும் கொஞ்ச நாள் வேடிக்கையாக இருந்தன. பிறகு பழகிவிட்டது.

அக்காவுக்கு வேலை, ரத்தம் எடுப்பது. நூலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் பரிசோதனை நிலையத்தில் பல வருடங்களாக இருக்கிறார். அந்தத் தெருவில் வியட்நாம்காரர்கள், அசிரியர்கள், ஈராக்கிலிருந்து வந்தவர்கள், சிலியிலிருந்து அந்தக் காலத்தில் தப்பி வந்தவர்கள் எல்லோரும் அவரிடம்தான் கையை நீட்டுகிறார்கள். ‘சின்னக் குத்துத்தான்’ என்பதை அவர் ஆறு பாஷையில் சொல்வார். வேறு ஒரு வாக்கியமும் அந்தப் பாஷைகளில் தெரியாது. “அதுக்குமேல என்ன கதைக்கக் கிடக்கு? குத்தினாப் பிறகு எல்லாரும் ஒரே மாதிரித்தான் முகத்தைச் சுழிக்கினம்.”

அப்படிப்பட்டவர் ஸ்பானிய மொழியில் மட்டும் ஏன் முழு வாக்கியம் பேசப் பாடுபடுகிறார் என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் மழையில் அவரைக் காரில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டபோது அவராகவே சொன்னார்.

அவருக்கு ஒரே பிள்ளை. சுபாங்கி என்று பெயர் வைத்தார்கள். சுபாங்கிக்குப் பத்து வயதாக இருந்தபோது தகப்பன் மாரடைப்பில் போய்விட்டார். தாய் தனியாக வளர்த்தார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து மேடையில் பட்டுப்பாவாடையோடு ஏறி, ‘நான் ஒரு தமிழச்சி’ என்று தொடங்கும் பேச்சை மூச்சு விடாமல் ஒப்பிப்பதுதான் சுபாங்கியின் பெயர்போன காரியம். பரிசு வாங்காமல் இறங்கியதில்லையாம். அந்தச் சொல் வீட்டில் செல்லப் பெயராகவே ஆகிவிட்டது. “என்ர தமிழச்சி எழும்பீட்டாளோ? என்ர தமிழச்சிக்குத் தேத்தண்ணி வேணுமோ?”

அக்காவுக்கு அந்தச் சொல் வெறும் செல்லமாக இருந்ததில்லை. கொழும்பில் ஒரு சோதனைச்சாவடியில் அவருடைய அண்ணனை நிறுத்தி, நீ யார் என்று கேட்டார்கள். அண்ணன் தமிழன் என்று சொன்னார். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அண்ணனைப் பற்றி இந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த செய்தி எதுவும் இல்லை.

சுபாங்கி பல்கலைக்கழகம் முடித்த சமயம். அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கனடாவிலிருக்கும் தங்கையோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். “என்ர தமிழச்சி இஞ்சினியர் ஆகீட்டாள்” என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் பிள்ளை நிற்கிறது.

“அம்மா, நான் தமிழச்சி இல்லை.”

குழாயை மூடினார். “என்ன சொன்னனீ?”

“அந்தச் சொல்லு எனக்குச் சரியா வரேல்ல அம்மா. கனநாளாச் சொல்ல நினைச்சனான்.”

“உன்ர மாமாவை ஏன் கொண்டுபோனவங்கள் எண்டு தெரியுமோ? தமிழன் எண்டு சொன்னதுக்கு. நீ இஞ்ச சொகுசா இருந்துகொண்டு தமிழச்சி இல்லையெண்டுறாய்!”

“தமிழ் இல்லையெண்டு நான் சொல்லேல்ல. ‘அச்சி’ இல்லையெண்டு சொல்லுறன். நான் பொம்பிளை எண்டு எனக்குள்ள ஒருநாளும் இருந்ததில்லை.”

“அப்ப தமிழனோ?”

“அதுவும் இல்லை.”

“ரெண்டும் இல்லாட்டி நீ ஆர்?”

“தட்ஸ் வாட் ஐம் ட்ரையிங் டு டெல் யூ, அம்மா.”

அதைக் கேட்க அக்கா நிற்கவில்லை. அவர் காதில் விழுந்தது முதல் வாக்கியம் ஒன்றுதான். “அப்பிடியொரு பிள்ளையை நான் பெறேல்ல” என்று சொன்னார். சொன்னதை என்னிடம் திரும்பச் சொல்லும்போது குரலை மாற்றவில்லை, கண்ணையும் துடைக்கவில்லை. கார்க் கண்ணாடியில் வைப்பர் போய்வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே பிள்ளை மெல்போர்னுக்குப் போய்விட்டது. சிலிக் குடும்பத்துப் பெண்ணான அந்தோனியாவும் கூடப் போனாள். பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவள். இருவரும் அங்கே ஸ்பிரிங்வேல் என்ற பகுதியில் ஒரு வீட்டில் இருக்கிறார்கள் என்பது மட்டும் யார் யாரோ சொல்லித் தெரிந்தது. பெயரின் வாலையும் வெட்டிவிட்டதாம் பிள்ளை. சுபாங்கியும் இல்லை, சுபாங்கனும் இல்லை, சுபாங். அக்கா ஆத்திரம் அடங்கித் தொலைபேசி எடுத்தபோது அந்த எண் வேலை செய்யவில்லை.

எழுதுகிற எனக்குச் சிக்கல் இல்லை. ‘அவர்’ என்று போட்டால் போதும், ஆணா பெண்ணா என்று தமிழ் என்னைக் கேட்காது. அக்காவின் பேச்சில் அந்த வசதி கிடையாது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘அவர்’ என்றால் ஆண், ‘அவா’ என்றால் பெண். ஆகவே அவர் ‘பிள்ளை’ என்பதைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை சொல்லிச்சுது, பிள்ளை போயிட்டுது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பற்றி அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கேட்டுக்கொண்டிருந்தால், முப்பதை நெருங்கும் ஒருவரைப் பற்றிப் பேசுகிறார் என்பதே மறந்துபோகும்.

சில வருடங்கள் இப்படிப் போயின. ஒருநாள் காலை பரிசோதனை நிலையத்துக்கு ஒரு பருத்த சிலி அம்மா வந்தார். சீனி வியாதிக்காரர். நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து, கையை நீட்டி, ஊசி ஏறுகிற வரைக்கும் பேசாமல் இருந்தார். பிறகு உடைந்த ஆங்கிலத்தில், “நான் அந்தோனியாவின் அம்மா. எர்சிலியா” என்றார். வீட்டருகே வேறு நிலையம் இருந்தும், இங்கேதான் வேலை செய்கிறார் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“எல்லாத்தையும் விட்டிட்டு ஓடவேணும்போல இருந்தது” என்றார் அக்கா. “ஆனா குழாயை எடுத்திருந்தா ரத்தம் வீணாப் போயிடும். அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.”

எர்சிலியாவுக்கு ஆங்கிலம் சந்தைக்குப் போய்வருமளவுக்குத்தான். பிள்ளைகளைப் பற்றிய செய்தி ஸ்பானிய மொழியில்தான் வந்தது. பாதி புரியாது. அவர் வீட்டிலும் சண்டை நடந்திருக்கிறது. லத்தீன் அமெரிக்க ஆணுக்கு லத்தீனோ, பெண்ணுக்கு லத்தீனா. ஆங்கிலம் தன் ஊர்க்காரர்களுக்கு ஆண், பெண் என்ற வாலை வைக்காவிட்டாலும் இவர்களை மட்டும் வாலோடுதான் எடுத்துக்கொண்டது. இப்போது அந்தோனியாவைப் போன்ற இளையவர்கள் இரண்டையும் விட்டு ‘லத்தீனே’ என்கிறார்கள். இதென்ன புது நோய் என்று எர்சிலியா கத்தியிருக்கிறார். கத்தி முடித்து, சாப்பாடு போட்டிருக்கிறார்.

ஒரு விடுமுறைக்கு இருவரும் ஃபேர்ஃபீல்ட் வந்திருந்தபோது, எர்சிலியா பரிகாசமாகவே அக்காவின் பிள்ளையைக் கேட்டாராம். அதை அக்கா சொன்னது இப்படி:

“நீ தமிலோவோ, தமிலாவோ எண்டு கேட்டாவாம். பிள்ளை சிரிச்சுப்போட்டு, ‘ஸோய் தமில்’ எண்டு சொல்லிச்சுதாம். எனக்கு விளங்கேல்ல. ஸோய் எண்டவுடன கறி வைக்கிற சோயா மீற்தான் ஞாபகம் வந்தது. பிறகுதான் அவா நெஞ்சில கை வச்சுக் காட்டினா. ஸோய் எண்டா நான். நான் தமிழ்.”

ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு வால் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தமில்தான். யாருடைய வீட்டிலோ, யாருடைய பாஷையிலோ, கேட்ட உடனே பிள்ளை சொல்லியிருக்கிறது, நான் தமிழ் என்று.

“என்னட்டையும் அதைத்தான் சொல்ல வந்தது” என்றார் அக்கா. “நான் விடேல்ல.”

அந்த மாதமே வகுப்பில் சேர்ந்துவிட்டார். அடுத்த முறை எர்சிலியா கையை நீட்டும்போது பாதியாவது விளங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் செய்தியும் வந்தன. பிள்ளைக்கு வேலை மாறியிருக்கிறது. பிள்ளை நாய் வளர்க்கிறது. பிள்ளைக்கு ஒரு அறுவை சிகிச்சை, இப்போது நலம். “அம்மாவைப் பற்றி ஏதும் கேட்டதோ?” என்ற வாக்கியத்தை ஸ்பானிய மொழியில் கட்ட என்னிடம் உதவி கேட்டார். கட்டிக் கொடுத்தேன். கேட்டாரா, என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது.

ஒருநாள் வகுப்பில் லத்தீனோ, லத்தீனா பாடம் வந்தது. ஆசிரியர் உருகுவேயைச் சேர்ந்த கலகலப்பான இளைஞர். ‘லத்தீனே’யையும் எழுதிக் காட்டினார். அக்கா கையைத் தூக்கி, “அம்மாமார் எந்தச் சொல்லைச் சொல்லுவார்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“அம்மாக்கள் எப்போதும் தப்பான சொல்லைத்தான் சொல்லுவார்கள்” என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. அக்கா அதையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

இந்தக் குளிர்காலத்தில் எர்சிலியா தூக்கத்திலேயே இறந்துபோனார். அந்தோனியா, தாயின் கைப்பேசியிலிருந்த எண்ணைப் பார்த்து அக்காவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். அக்கா என்னை அழைத்தார். “செத்தவீட்டுக்குத் தனியப் போகக் காலெழும்புதில்லை. நீங்களும் வாறியளோ?”

காரில் போகும்போது ஒரு விஷயத்தைச் சொன்னார். பல நாள் யோசித்திருக்கிறார். “எங்கட பாஷையிலயும் ஒரு சொல்லு கிடக்குத்தானே. தமிழர். அதில ஆம்பிளை பொம்பிளை இல்லை. அதைச் சொன்னாப் பிள்ளைக்கு விளங்கும், என்ன?”

“விளங்கும்க்கா” என்றேன்.

“ஆனா நீ தமிழர் எண்டு சொல்ல வராது. நீங்கள் தமிழர் எண்டுதான் சொல்லவேணும்.” பெற்ற பிள்ளையை ‘நீங்கள்’ என்று கூப்பிடுவதைத் தேவாலயம் வரும்வரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பெட்டியை ஆறு பேர் தூக்கி வந்தார்கள். முன்பக்கம் இடப்புறம் சுபாங். ஒட்ட வெட்டிய தலைமுடி, கறுப்புச் சட்டை, தகப்பனுடையது என்று அக்கா பிறகு சொன்ன நீளமான கழுத்து. அடுத்த பக்கத்தில் அந்தோனியா. பெட்டியைச் சவ ஊர்தியில் ஏற்றிய பிறகு, முற்றத்தில் நின்ற கூட்டத்தைத் தாண்டி சுபாங் எங்களிடம் வந்தார்.

“ஹாய் அம்மா.”

“வாங்கோ” என்றார் அக்கா. “சாப்பிட்டனீங்களோ? மெலிஞ்சு போனியள்.”

சுபாங் என்னைப் பார்த்தார், பிறகு தாயைப் பார்த்தார். “ஏன் அம்மா என்னை வாங்கோ எண்டுறீங்கள்? நான் விருந்தாளியோ?”

“இல்லை... நான் யோசிச்சனான். நீங்கள் தமிழர். அந்தச் சொல்லு உங்களுக்குச் சரிதானே? அதில ஒண்டும் இல்லை. அச்சியும் இல்லை.”

சுபாங்கின் முகத்தில் ஏதோ இளகியது. ஆனால் அது சிரிப்பாக வரவில்லை. “இட்ஸ் ஓகே, அம்மா. அது ஒரு கூட்டத்துக்குச் சொல்லுறது. நான் ஒரு ஆள்தானே.” பிறகு, “அப்ப எனக்கு ஒரு சொல்லு தேவைப்பட்டது. இப்ப இல்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாக் காணும்” என்றார்.

அக்கா உதட்டை நனைத்துக்கொண்டார். “சுபாங்...” என்று சொல்லி நிறுத்தினார். நிறுத்த முடியவில்லை. கால் நூற்றாண்டு பழகிய நாக்கு தானாகவே ‘கி’ என்று முடித்துவிட்டது. வெளியே வந்ததைக் கையால் பிடித்துவிட முடியும் என்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

சவ ஊர்தி புறப்பட்டது. அந்தோனியா காரை எடுத்துவந்து நிறுத்தி, மெல்ல ஹார்ன் அடித்தாள். கல்லறைக்குக் குடும்பத்தார் மட்டும்தான். “போட்டு வாறன் அம்மா” என்று சொல்லி சுபாங் முன்னிருக்கையில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

அப்போதுதான் அக்கா அதைப் பார்த்தார். பெட்டி அழுத்திய வலது தோளில், கறுப்புச் சட்டையில், மரத்தூசி வெள்ளையாக ஒட்டியிருந்தது. எட்டிப்போய், இடது ஜன்னல் வழியாக உடம்பை வளைத்துக் கையை நீட்டி, அந்தத் தோளைத் தட்டிவிட்டார். தூசி இரண்டு தட்டிலேயே போய்விட்டது. அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. ஊர்தியின் பின்விளக்கு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தோனியா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தாள். சுபாங் தலையைக் குனிந்து, தோளை அந்தக் கைக்குக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்து கொடுத்தார்.