சித்தப்பா வாங்கிய இரண்டாவது பெல்ட்

வாரநாளில் ஆபீசுக்கும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போய்வந்த சித்தப்பாவின் கறுப்பு கார், சோழவரம் பந்தயத்திலும் ஓடப்போகிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கால் மைல் நேர்ரோடு, இரண்டு கார்கள், முதலில் போய்ச் சேருகிறவருக்கு ஜெயம். எதிர்த்து ஓட்டப்போவது சித்தியின் அண்ணன், எனக்கு மாமா. தாம்பரத்துக்கு வரும்போதெல்லாம் எங்கள் காரைப் பார்த்து, "மாட்டு வண்டி எப்படி இருக்கு மாப்ளே?" என்று கேட்கிறவர். அவரைச் சித்தப்பா தோற்கடித்தே தீரவேண்டும். எட்டு வயதில் எனக்கு வேறு கவலையே கிடையாது.

இரும்புலியூரில் ரோட்டோரம் இருந்த பழைய சாமான் கடையில் நானும் சித்தப்பாவும் சக்கரம் தேடினோம். பின்சக்கரம் அகலமாக இருந்தால்தான் கிளம்பும்போது வழுக்காமல் தரையைப் பிடிக்குமாம். சாண்போட்டு அளந்தது நான்தான். பந்தயத்துக்குக் கட்டாயம் என்று ஒரு ஹெல்மெட்டும், உடைத்த விமானத்திலிருந்து கழற்றிய இடுப்பு பெல்ட் ஒன்றும் வாங்கினோம். அந்த ஞாயிறு அகலச் சக்கரம் மாட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கார் சர்ச் வாசலில் நின்றது. ஜெபத்துக்குக் கண்மூட வேண்டிய பையன்களெல்லாம் ஜன்னல் வழியாக அதையே பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுவாரமே சித்தப்பா அந்தச் சக்கரங்களைத் திருப்பிக் கொண்டுபோனார்.

"ஏன் சித்தப்பா?"

"ரொம்பத் தூக்கித் தூக்கிப் போடுதுடி கண்ணு."

பந்தயக்காரர் பேசுகிற பேச்சா இது? சக்கரத்துக்குப் பதிலாக இன்னொரு பெல்ட் கேட்டதும் கடைக்காரருக்கே பொறுக்கவில்லை.

"இன்னா சார், ரேஸ்ல நீ ஒத்த ஆளுதானே ஓட்டுவே? பக்கத்துல யாரு குந்திகினு வரப்போறா?"

சித்தப்பா சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெல்ட் சித்தியின் இருக்கைக்குப் போனது. சர்ச்சுக்குக் கிளம்பும்போது சித்தப்பாவே அதை மாட்டி, வயிற்றை அழுத்தாமல் கீழே இறக்கி, தளர்த்தி, மறுபடி இறக்கிப் பார்ப்பார். "போதுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று சித்தி வெட்கப்படுவார். அப்புறம் ஜி.எஸ்.டி. ரோட்டின் பள்ளங்களையெல்லாம் சுற்றி வளைத்துக் கார் ஊர்ந்து போகும். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

சோழவரத்தில் எங்கள் கார் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிப் புகை கிளப்பிக்கொண்டிருந்தபோது மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். இறங்கி வந்து கேலி செய்வார் என்று பார்த்தால், சித்தப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சித்தி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காயை என்னிடம் நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் மொத்தத்தையும் தானே தின்றுதீர்த்தார். தோற்ற நாளில் எப்படித்தான் இறங்குகிறதோ என்று பற்றிக்கொண்டு வந்தது.

சில மாதம் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து சித்தியையும் மடியில் பாப்பாவையும் ஏற்றிக்கொண்டு அதே கார் எங்கள் தெருவுக்குள் அடிமேல் அடிவைத்து நுழைந்தது. "மாட்டு வண்டி வருது, வழி விடுங்க!" என்று மாமா கத்தினார். சித்தப்பா மகாராஜா மாதிரி ஹாரன் அடித்தார். எல்லோரும் காரின் முன்பக்கம் ஓடினார்கள். நான் மட்டும் பின்னால் போய், அந்த ஒல்லிச் சக்கரத்தை ஓங்கி ஓர் உதை விட்டேன்.