அவனோ உவனோ என்று கேட்ட கொம்பியூட்டர்

1. எந்த நாட்டுப் பாஷை?

எண்பத்தாறில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில், மோகன் அண்ணை கொம்பியூட்டர் வகுப்பு நடத்தினார். சவூதியில் வேலை செய்துவிட்டு வரும்போது கொண்டுவந்த ஒரேயொரு மெஷின். அதை ரீவியில் மாட்டவேண்டும். புரோகிராமைக் கசெற்றில் இருந்து ஏற்றவேண்டும். ஏ.எல். முடித்துவிட்டு, பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று தெரியாமல் இருந்த நான், கோப்பாயிலிருந்து சைக்கிளில் போய் அங்கே படிப்பித்தேன். படிப்பித்தேன் என்றால், மாணவர்களைவிட ஒரு பாடம் முன்னால் நின்றேன், அவ்வளவுதான்.

ஒருநாள் றெஜினா அக்கா படியேறி வந்தார். குருநகர்ப் பக்கம் பாலர் வகுப்பு ஆசிரியை. ஊர்ப் பெடியளைச் சேர்த்து நாடகம் போடுகிறவர். மெஷினைக் காட்டி, "தம்பி, உது மொழிபெயர்க்குமோ?" என்று கேட்டார்.

"எந்த மொழியிலை இருந்து, அக்கா?"

"தமிழிலை இருந்து கெலாவிக்கு."

"கெலாவி எந்த நாட்டுப் பாஷை?"

"என்ரை."

மோகன் அண்ணை சிரித்துவிட்டார். றெஜினா அக்கா சிரிக்கவில்லை. வள்ளத்திலேயே பிறந்து வள்ளத்திலேயே வாழுகிற ஒரு சனத்தைப் பற்றி நாடகம் எழுதியிருந்தார். அந்தச் சனம் அவர் உண்டாக்கிய கெலாவியைத்தான் மேடையில் பேசும். ஒரு சொல் தமிழ் வராது. ஆனால் வசனங்களைத் தமிழில் எழுதி, தானே கெலாவியாக மாற்றும்போது, முன்பு உண்டாக்கிய சொல்லை மறந்து புதிதாக ஒன்றை உண்டாக்கிவிடுவார். தண்ணீர் முதலாம் காட்சியில் 'லும்', மூன்றாம் காட்சியில் 'பெலு'. நடிகர்கள் ஒத்திகையில் அடிபடாத குறை. தேவாலயப் பெருநாளுக்கு நாடகம் போடலாமா என்று தீர்மானிக்கிறவர் பங்குச் சுவாமி. அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "பிள்ளை, சனத்துக்கு விளங்காட்டி நிப்பாட்டிப்போட்டு, வழமையான கூத்தை விடுவன்."

இரண்டு வருசமாக அவர் மனதில் சுமந்த நாடகம் அது. நான் உடனே ஓம் என்றேன். மோகன் அண்ணையைக் கேட்கவும் இல்லை.

2. வெயிலை வெட்டிய கதை

வேலை சுலபம் என்று நினைத்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் ரைப் பண்ணவேண்டும். மெஷின் சொல்லைத் தேடி, அதற்குரிய கெலாவிச் சொல்லைப் போடும். பேசிக் என்ற கொம்பியூட்டர் மொழியில் சில மணித்தியால வேலை.

அரைவாசிச் சொல்லை அது கண்டுபிடிக்கவே இல்லை. நான் கொடுத்தது 'வள்ளம்'. வசனத்தில் வருவதோ வள்ளத்தை, வள்ளத்துக்கு, வள்ளத்தில். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட மெமறி காணாது. ஆகவே ஐ, க்கு, இல் என்ற வாலை வெட்டி, மிஞ்சியதைத் தேடும்படி எழுதினேன். கெலாவியில் வேற்றுமை உருபு சொல்லுக்கு முன்னுக்கு வரும் என்று அக்கா சொல்லியிருந்தார். வெட்டிய வாலைத் தலையில் ஒட்டினேன். அழகாக வேலை செய்தது.

மறுநாள் அக்கா பிறின்ரர்த் தாளோடு வந்தார்.

"தம்பி, 'வெய்' எண்டால் என்ன?"

"தெரியாது அக்கா."

"எனக்கும் தெரியாது. நடிக்கிற பெடியன் பெனடிக்ற் ஒத்திகையிலை அதுக்குள்ளை போய் நிக்கிறானாம்."

வெயிலில் இருந்த 'இல்'லையும் மெஷின் வாலென்று வெட்டி, 'உள்ளே' என்று தலையில் ஒட்டியிருக்கிறது. கோயிலும் அப்படியே. முதலில் முழுச்சொல்லைத் தேடு, கிடைக்காவிட்டால் மட்டும் வெட்டு என்று ஒரு வரியை இடம் மாற்றினேன். இதைத் தமிழில் புரோகிராம் எழுதப்போகிற தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளலாம்.

3. யார் இறங்குவது?

பிறகு சொற்கள் ஒழுங்காக வந்தன. தண்ணீர் எல்லாக் காட்சியிலும் 'லும்' ஆக இருந்தது. சுவாமியை ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். கடலுக்குப் போகத் தடை இருந்த மாதங்கள் அவை. நடிகர்கள் எல்லோரும் கடற்றொழிலாளிப் பெடியள், பகலில் வீட்டிலேதான் இருந்தார்கள்.

முக்கியமான கட்டம் இது: வள்ளத்தில் பாரம் கூடிவிட்டது, ஒருவர் இறங்கவேண்டும். தலைவனாக நடித்த பெனடிக்ற், மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாயைப் பார்த்து, "அவன் இறங்கட்டும்" என்று கெலாவியில் சொல்லவேண்டும். சொன்னான். சொல்லிக்கொண்டே வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் இருந்த கிழவனைக் கையால் காட்டினான். கிழவனாக நடித்தவர் எழும்பி, வேட்டியைத் தட்டி, இறங்கிப் போய்விட்டார். தாய் மகனைப் பிடித்துக்கொண்டு குழறி அழத் தொடங்கினாள்.

"என்னத்துக்கு இவள் குழறுறாள்?" என்றார் சுவாமி. "போனது கிழவனெல்லே?"

அக்கா பெனடிக்ற்றைப் பிடித்தார். "ஏன்ரா அங்காலை காட்டினனீ?"

"நீங்கள்தானே அக்கா சொல்லித் தந்தனீங்கள், 'சே' எண்டால் தூரத்திலை நிக்கிறவன் எண்டு! தாளிலை 'சே' எண்டுதானே கிடக்கு."

சுவாமி எழும்பினார். "ஆர் இறங்கிறது எண்டு உங்களுக்கே தெரியேல்லை. வாற ஞாயிறு இன்னொருக்காப் பாக்கிறன். அதோடை முடிவு."

கெலாவியில் 'இவன்', 'இது' எல்லாம் சா, 'உவன்', 'உது' எல்லாம் சோ, 'அவன்', 'அது' எல்லாம் சே. நாங்கள் கதைக்கும்போது, கேட்கிறவருக்குக் கிட்ட நிற்பவனை உவன் என்போம். அதே மாதிரித்தான் அக்கா மூன்று சொல் உண்டாக்கியிருந்தார். தாயின் பக்கத்தில் நிற்கிற மகன் 'சோ'. ஆனால் தாள் முழுக்கத் தேடினோம். ஒரு 'சோ' கூட இல்லை.

"நான் உவன் எண்டு நினைச்சுத்தானே எழுதினனான்," என்றார் அக்கா.

"நீங்கள் எழுதினது அவன் எண்டு."

"எழுதேக்கை ஆர் தம்பி உவன் எண்டு எழுதுறது? பள்ளிக்கூடத்திலை சிவப்பு மையாலை வெட்டிப்போடுவினம்."

உண்மைதான். வாய் திறந்தால் உவன், உது, உங்கை. பேனை எடுத்தால் அந்த மூன்றும் ஓடி ஒளித்துவிடும். நானும் அப்படித்தான் எழுதுகிறேன். மெஷினுக்குக் கொடுத்தது எழுத்துத் தமிழ். அதற்கு உவனைத் தெரிய வழியே இல்லை.

4. கேள்வி

"எல்லா அவனையும் உவனாக்கிவிடு. விசயம் முடிஞ்சுது," என்றார் மோகன் அண்ணை.

"அப்ப தூரத்திலை நிக்கிறவனை என்ன செய்யிறது, அண்ணை?"

"அவனையும் கிட்டக் கூப்பிடு."

அவர் பகிடிக்குச் சொன்னார். ஆனால் அவன் எங்கே நிற்கிறான் என்பதுதான் முழுச் சிக்கலும். அது சொல்லில் இல்லை, மேடையில் இருக்கிறது. மெஷின் மேடையைப் பார்க்காது, அக்காதான் பார்த்திருக்கிறார். ஆகவே 'அவன்', 'அது', 'அங்கே' என்று எது வந்தாலும் நின்று, "கேட்கிறவர் பக்கத்திலா?" என்று ரீவியில் கேட்கும்படி எழுதினேன். ஓம் அல்லது இல்லை என்று பதில் அடித்தால்தான் நகரும்.

முதல் காட்சியில் அக்கா டக்கு டக்கென்று அடித்தார். இரண்டாம் காட்சியில் கை நின்றது.

"தம்பி, இந்த இடத்திலை மீன் ஆற்றை பக்கம் கிடக்கு?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நாடகம் உங்கடை."

வகுப்புக் கதிரைகளை இழுத்து வள்ளம் மாதிரிப் போட்டோம். அக்கா தலைவனாக நின்றார், நான் தாயாக நின்றேன், மோகன் அண்ணை அணியத்தில் கிழவனாகக் குந்தினார். ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பார்த்துப் பதில் அடித்தோம். இடையில் கறண்ட் நின்று, கசெற்றில் பதிந்துவைக்காத காட்சி முழுக்கப் போய், திரும்பவும் அடித்தோம். முடிந்தபோது கையில் கெலாவி வசனம் இருந்தது. நடிகர் ஒவ்வொருவரும் எங்கே நிற்கவேண்டும் என்பதும் அக்காவின் தலையில் இருந்தது. இதற்கு முன் அவரே அதை முழுதாக யோசித்திருக்கவில்லை.

ஞாயிறு சுவாமி வந்து கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். மேடையில் மீனைக் கேட்டார்கள், துடுப்பைக் கேட்டார்கள். கேட்டவருக்கு முன்னால் நின்றவரிடம் எது இருந்தாலும் அது 'சோ'. ஒவ்வொரு சொல்லுக்கும் சுவாமியின் தலை அங்கேயும் இங்கேயும் திரும்பிக்கொண்டிருந்தது. கடைசியில் பெனடிக்ற் தாயைப் பார்த்தான். கையை அசைக்கவில்லை. "சோ" என்று தொடங்கினான்.

"உவனையோ?" சுவாமி கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார். "தாய் கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள், கண் தெரியேல்லையே உனக்கு!"

சுவாமி மெல்ல இருந்து, தொண்டையைச் செருமி, "ம், நடத்துங்கோ," என்றார். றெஜினா அக்கா திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பெருநாளுக்கு அந்த நாடகம்தான் போனது.

அதற்குப் பிறகு சம்பளக் கணக்குக்கும், ஆஸ்பத்திரி மருந்துக் கையிருப்புக்கும் புரோகிராம் எழுதிவிட்டேன். தனக்குத் தெரியாத இடத்தில் மெஷின் ஊகிக்காமல் நின்று கேட்கவேண்டும் என்பதை மட்டும் எதிலும் விட்டதில்லை. "ஏன் உது சும்மா சும்மா கேள்வி கேக்குது?" என்று பாவிக்கிறவர்கள் எரிச்சல்படுவார்கள். படட்டும்.