சுற்றிக்கொண்டே இருந்த போல்ட்

செம்பூர் கராஜிலிருந்து தாராவிக்கு நடந்துகொண்டிருந்தேன். முதலாளியின் சொந்தக் காரில் சீட்டைக் கழற்றும்போது ஒரு போல்ட் கழலாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நான்தான் கெடுத்தேன் என்று அறைந்து விரட்டிவிட்டார்.

வழியில் டீக்கடையில் இதைச் சொன்னேன். பக்கத்திலிருந்த, எங்கள் கராஜ் கார்களுக்குச் சீட் தைப்பவர் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை. அந்த இடைவெளியை நாக்கால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அடியில நட்டோட வெல்டிங்கை உடைச்சு, தார் அப்பி மறைச்சது நாந்தாம்ல. இந்தப் பல்லு ஒன் மொதலாளி அடிச்சதுல போச்சு."

"அதுல என் வேலை போச்சே அண்ணாச்சி!"

"அவனே கழட்டுவான்னு நெனைச்சேம்ல. ஒருத்தன் கீழ படுத்து நட்டைப் பிடிச்சா கழண்டுரும். அவன்ட்ட சொல்லிராத."

வருத்தம் எதுவும் சொல்லாமல் தன் டீயில் பாதியை என் கிளாஸில் ஊற்றினார். அவர் மேல் கோபப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மறுநாள் காலை எதிர்க் கராஜில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கிருந்து பார்த்தால், பழைய முதலாளி வேர்த்து வழிய அந்தப் போல்ட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் வாயே திறக்கவில்லை.