ஜைனம்பு அக்கா நீக்கிய ஓர் எழுத்து

காலை எட்டு மணிக்கு வளைகுடாவிலிருந்து இர்ஃபான் அழைத்தான். ஜைனம்பு அக்காவின் ஒரே மகன்.

"அம்மா மௌத்தாயிட்டாகண்ணே."

பிறகு சொன்னான். "கம்பெனில லீவு கேக்கணும். லெட்டரு எழுதிக் குடுங்கண்ணே. எப்பவும் அம்மாதான் எழுதுவாக."

மகனுக்காக மறுநாள் மதியத் தொழுகைவரை அடக்கத்தைத் தள்ளிவைத்திருந்தார்கள். அதற்குள் அவன் வர வேண்டும்.

திருச்சுழியில் தாலுகா அலுவலகம் போகும் வழியில் இருந்த அக்காவின் டைப்பிங் கடை உங்களில் பலருக்குத் தெரியும். அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்திருப்பீர்கள். இரண்டு கணினிகள். ஒன்றில் அக்கா. இன்னொன்றில், மூன்று ஆண்டுகள், நான். அவர் படித்தது பத்தாம் வகுப்பும் டைப்ரைட்டிங் லோயர் கிரேடும். நான் ஆங்கில எம்.ஏ.

முதல் வாரம். ஒரு விண்ணப்பத்தில் அவசரமாக 'எவ்ரி ஒர்க்கர்ஸ்' என்று அடித்துவிட்டேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"எம்.ஏ. தம்பி, அந்த வால வெட்டுப்பா."

"எந்த வாலுக்கா?"

"கடேசி 'எஸ்'ஸு. நமக்கு ஒத்த ஆளும் ஆளுதான், பத்து ஆளும் ஆளுதான். இங்கிலீசுக்காரனுக்கு ஒண்ணுக்கு மேல போனா வாலு வேணும். ஆனா எவ்ரின்னுட்டா, ஒவ்வொருத்தனாக் கூப்புட்டு மூஞ்சியப் பாக்குறான். அங்க என்னத்துக்கு வாலு?"

அந்த விதி என் பாடப்புத்தகத்திலும் இருந்தது. அதில் முகம் இல்லை.

ஒரு கோடையில் எம்.ரெட்டியபட்டியிலிருந்து செல்வி வந்தார். கணவர் முருகேசன் வளைகுடாவில், பாலைவனத்தில் ஒரு தொழிலாளர் முகாமில் இருந்தார். முதலாளி முகாமை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். பதினோரு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். தூதரகத்துக்கு எழுத வேண்டும்.

"கொஞ்சந்தான் தண்ணி இருக்காம் தம்பி. மாத்திரையும் கொஞ்சந்தான்."

அடித்தேன். தண்ணீருக்கு 'எ லிட்டில்'. மாத்திரைகளுக்கு 'எ ஃபியூ', வாலோடு. அளக்கும் பொருளுக்கு ஒரு சொல், எண்ணும் பொருளுக்கு ஒரு சொல். பிழையே இல்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அக்கா படித்தார். செல்வியிடம் திரும்பினார்.

"உம்புருசன் என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு தாயி."

"கொஞ்சந்தான் இருக்குன்னாரு."

"பாத்தியாப்பா? கொஞ்சம்னா சொன்னாரு? கொஞ்சந்தான்னுல்ல சொல்லியிருக்காரு. அந்த 'தான்' எங்க?"

அக்கா குனிந்து என் விசைப்பலகையில் இரண்டு இடங்களில் 'எ'யை அழித்தார். வெறும் 'லிட்டில்'. வெறும் 'ஃபியூ'.

"'எ' கெடந்தா, கொஞ்சம் இருக்கு, சமாளிச்சுக்குவாகன்னு அர்த்தம். படிக்கிறவன் டீயக் குடிச்சிட்டு வந்து பாப்பான். 'எ' இல்லாட்டி, இல்லாத மாதிரிதான். எந்திரிச்சிருவான்."

பற்றாக்குறையைச் சொல்ல நாம் ஒரு 'தான்' சேர்க்கிறோம். ஆங்கிலம் ஓர் எழுத்தை எடுத்துவிடுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒருவர் நின்றிருந்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

செல்வி பயந்துபோனார். "என்ன தம்பி, எதும் தப்பாயிருச்சா?"

"இல்லக்கா. இப்பத்தான் சரியா இருக்கு."

முருகேசன் வந்து சேர்ந்தார். மற்ற பத்துப் பேரும். அந்தக் கடிதத்தாலா என்று யாருக்கும் தெரியாது.

இதை எங்கே கற்றீர்கள் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரே ஒருமுறை சொன்னார். கணவர் வளைகுடாவில் இருந்த காலத்தில் மாமியார் படுத்துவிட்டார். கணவரின் கம்பெனிக்கு ஃபேக்ஸ் எழுதியது அக்கா. நேரம் கொஞ்சந்தான் இருக்கிறது என்று சொல்ல நினைத்து, 'எ லிட்டில் டைம்' என்று எழுதிவிட்டார்.

"இன்னும் நேரம் கெடக்குன்னு கம்பெனில மெதுவா விட்டாக. மண்ணு போட்டு மூணாம் நாளு எங்க வீட்டுக்காரக வந்து நின்னாக. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

"அந்தக் கம்பெனி மேனேஜருக்கே வித்தியாசம் தெரிஞ்சிருக்காதுக்கா."

அக்கா என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சிருந்தா?"



இர்ஃபானின் கடிதத்தைத் திருச்சுழி பஸ்ஸில் நின்றுகொண்டே கைப்பேசியில் எழுதினேன். நான் இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். நான்கே வரிகள். கடைசி வரியில் 'லிட்டில் டைம்' என்று அடித்ததும் கைப்பேசி அடிக்கோடிட்டது. முன்னால் ஒரு 'எ' போடலாம் என்றது. போடாமல் அனுப்பினேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு, மதுரையிலிருந்து வந்த காரிலிருந்து இர்ஃபான் இறங்கினான். தாயின் முகத்தைப் பார்த்தான். அவரைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் வாங்கி நடந்தான். பின்னால் முருகேசன் தோள் கொடுத்தார். வாசலில் செல்வி நின்றிருந்தார். அவன் கம்பெனி மேலாளர் என் கடைசி வரியை எப்படிப் படித்தார் என்று நான் கேட்கவில்லை.

அக்காவிடமிருந்து ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறேன். பிறருக்காக எதை எழுதினாலும், அனுப்பும் முன் நிறுத்திவிட்டு அவர்கள் பக்கம் திரும்புகிறேன். அப்படியே சொல்லுங்க என்கிறேன். முதலில் சொன்னதையே அலுப்போடு மறுபடி சொல்கிறார்கள்.

நான் அந்த 'தான்' வருகிறதா என்று காதுகொடுத்துக்கொண்டிருக்கிறேன்.