நூற்று அறுபத்தெட்டுச் செய்திகள்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் பதினொரு ஆண்டுகள் மாடி மாடியாக ஏறி டி.வி. டிஷ் பொருத்தியவர் ஜெயசுதா. பிறந்தது கீழப்பழுவூர், வாழ்க்கைப்பட்டது பெரம்பலூர். வயது நாற்பத்து மூன்று. டிப்ளமோ படித்திருந்தாலும், தொழிலை அவருக்குக் கற்றுத்தந்தவை மொட்டைமாடிகளே என்று சொல்வார்.

இரண்டு ஆண்டுகளாக அவர் சென்னை நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தப் பணியாளர். ஏரிகளின் நீர்மட்டத்தை அளந்து, மணிக்கு ஒரு முறை செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் கருவிகளைப் பொருத்துவது வேலை. மழைக்காலத்தில் மின்சாரம் போனால் கைப்பேசிக் கோபுரமும் சேர்ந்து படுத்துவிடும். ஏரி நிறைகிறதா என்று தெரியவேண்டியதோ அந்த நேரத்தில்தான். அதனால்தான் செயற்கைக்கோள்.

வீட்டு டிஷ்ஷுக்கு வானத்தில் ஒரே ஒரு புள்ளி தெரிந்தால் போதும். அதன் செயற்கைக்கோள் இருந்த இடத்தில் இருக்கும். இந்தக் கருவி பேசும் செயற்கைக்கோள்களோ, ஒன்றன்பின் ஒன்றாக வானத்தைக் கடந்துகொண்டே இருப்பவை. எந்தப் பக்கத்தில் எது வரும் என்று சொல்ல இயலாது. ஆகவே வானம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். அதைக் கண்டறிய ஜெயசுதா கைக்கொண்ட முறை எளியது. கருவி வைக்க நினைக்கும் இடத்தில் சாக்கை விரித்து, மல்லாந்து படுத்துவிடுவார். கண்ணில் கிளையோ சுவரோ பட்டால், இடம் சரியில்லை என்று பொருள்.

பாடாலூர்ப் பக்கத்து ஏரி ஒன்றில் அவர் இப்படிப் படுத்ததைக் கண்டு மதகுக் காவலர் தங்கசாமி திகைத்துப்போனார்.

"என்னா தங்கச்சி, வந்ததும் சாஞ்சிட்ட? பாய் கொண்டாரவா?"

"கொண்டாங்கண்ணே. தலகாணியும் சேத்துக் கொண்டாங்க, நல்லா இருக்கும்."

"வானத்துல அப்படி என்னாத்த பாக்குற?"

"உங்க புளியமரம் பாதிய மறைக்குதுண்ணே."

"மரத்த வெட்டச் சொல்லிடாத தாயி, ஊரே சண்டைக்கு வந்துரும்."

மரம் தப்பியது. இரண்டு இடங்களைத் தள்ளிவிட்டு, மூன்றாவதாக மதகு அறையின் கூரையைத் தேர்ந்தெடுத்தார் ஜெயசுதா. இரும்புக் கம்பம், அதன் உச்சியில் கவிழ்த்த கிண்ணம் போன்ற வெள்ளை ஆண்டெனா, கீழே பேட்டரிப் பெட்டி, பக்கத்தில் சோலார் தகடு.

சோதனை ஒரு வாரம் என்று நிறுவனம் விதித்தது. வியாழன் நண்பகல் முதல் மறு வியாழன் நண்பகல் வரை, மணிக்கு ஒன்றாக நூற்று அறுபத்தெட்டுச் செய்திகள். கெடுவுக்குள் குறைந்தது நூற்று அறுபத்தைந்து செய்திகள் சென்னை வந்து சேர வேண்டும். சேர்ந்தால் இரு மாவட்டங்களிலும் முப்பத்திரண்டு ஏரிகளில் கருவி வைக்கப்படும். அவற்றின் பராமரிப்பு ஜெயசுதாவுக்கு நிரந்தர வேலை. சேராவிட்டால் திட்டத்தையும் அவருடைய ஒப்பந்தத்தையும் அந்த மாதத்தோடு முடித்துக்கொள்வார்கள்.

நிறுவனப் பொறியாளர் அறிவரசனுக்கும் ஜெயசுதாவுக்கும் ஒரே ஓர் இடத்தில்தான் கருத்து வேறுபாடு. செய்தி போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை வராவிட்டால், கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை முயன்றுகொண்டே இருக்கட்டும் என்றார் அறிவரசன். ஜெயசுதா இசையவில்லை. ஒப்புகை வரும்வரை செய்தியை அழிக்கக்கூடாது. ஆனால் முயற்சிக்கு முயற்சி இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும் என்றார்.

"கூப்பிட்டா எடுக்காத ஆள நிமிஷத்துக்கு ஒருதரம் கூப்பிட்டா, நம்ம போன்லதான் சார் சார்ஜ் போவும்."

அறிவரசன் சிரித்து இணங்கினார்.

ஆறு நாட்களில் ஒரு செய்திகூடத் தவறவில்லை. ஏழாம் நாள், புதன்கிழமை, ஆயுதபூஜை. மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போலக் கைப்பேசியைத் திறந்து கணக்குப் பார்த்தார் ஜெயசுதா. நூற்று அறுபத்திரண்டு இருக்கவேண்டிய இடத்தில் நூற்று நாற்பத்தொன்பது. முதல் நாள் மாலை ஐந்து மணியோடு எல்லாம் நின்றிருந்தது.

அறிவரசனை அழைத்தார்.

"பேட்டரி போயிருக்கும் மேடம்."

"பேட்டரி போற மாதிரி நான் வைக்கல சார். போயிப் பாத்துட்டுச் சொல்றேன்."

வண்டியை எடுத்தார். திருச்சிச் சாலையெங்கும் முதல் நாள் உடைத்த பூசணிக்காய்கள் குங்குமத்தோடு சிதறிக் கிடந்தன. அவற்றுக்கு வளைந்து வளைந்து வழிவிட்டு, ஏழு மணிக்கு ஏரிக்கரையை அடைந்தார்.

தொலைவிலேயே கூரையின்மேல் ஏதோ பளபளத்தது. மதகுச் சக்கரத்துக்குச் சந்தனம், மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் பொட்டு, அறைக் கதவுக்கு மாவிலை; கம்பத்தின் உச்சியில் ஆண்டெனாவுக்கு மட்டும், தலை முதல் கழுத்து வரை இடைவெளியில்லாமல் வெள்ளி ஜிகினாத் தாள். அதன்மேல் ஒரு சாமந்தி மாலை.

தங்கசாமி பூரிப்போடு வந்தார்.

"பாத்தியா தங்கச்சி? கடப்பாரைக்கே பொட்டு வைக்கிறோம், மேலோகத்தோட பேசுற சாமான சும்மா வுடலாமா? பெரம்பலூரு போயி வாங்கியாந்த தாளு."

"அண்ணே, எத்தன மணிக்குச் சுத்துனீங்க?"

"அஞ்சு, அஞ்சரை இருக்கும். ஏன்?"

"அஞ்சு மணியிலேருந்து அது யார்கிட்டயும் பேசலண்ணே."

"ஐயய்யோ! கோச்சுக்கிச்சா?"

"கோச்சுக்கல. வாயக் கட்டிட்டீங்க. ஜிகினாவுல இருக்கறது உலோகப் பூச்சு. அதத் தாண்டி ஒண்ணும் போவாது."

தங்கசாமியின் முகம் வாடிவிட்டது. ஏணியைத் தாமே கொண்டுவந்து பிடித்துக்கொண்டார். ஜெயசுதா ஏறி மாலையை எடுத்து அவரிடம் தந்தார். தாளைக் கிழிக்காமல் உரித்தார். பிறகு பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். கருவி இரவெல்லாம் விட்டுவிட்டே கூப்பிட்டிருந்ததால் பேட்டரியில் முக்கால் பங்கு மிச்சம். நினைவகத்தில் பதினான்கு செய்திகள் வரிசையாகக் காத்திருந்தன. அடுத்த முறை தானாகக் கூப்பிட நாற்பது நிமிடம் ஆகும். ஜெயசுதா காத்திருக்கவில்லை, அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

மூன்று நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு கைப்பேசியில் எண் நகர்ந்தது. நூற்று ஐம்பது.

"போயிருச்சா?" என்றார் தங்கசாமி.

"ஒண்ணு போயிருக்கு. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்குள்ளது."

"மிச்சம்?"

"ஒண்ணு போயிச் சேந்ததுன்னு பதில் வந்தாத்தான் அடுத்தத அனுப்பும்."

"நம்ம ரேசன் கடை வரிசை மாதிரின்னு சொல்லு."

"அதவிட வேகம்ணே."

எட்டு மணிச் செய்தியும் வரிசையில் சேர்ந்துகொள்ள, எட்டரைக்கெல்லாம் பாக்கி தீர்ந்தது. ஆயினும் ஜெயசுதா கிளம்பவில்லை. தங்கசாமி கொண்டுவந்த பொரிகடலையை இருவரும் தின்றுகொண்டு, மணிக்கு ஒரு முறை எண் ஏறுவதைப் பார்த்திருந்தார்கள். பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிடத்தில் அறிவரசன் அழைத்தார்.

"நூத்தி அறுபத்தெட்டு, முழுசா! வாழ்த்துக்கள் மேடம். முப்பத்திரண்டும் இனி உங்க பொறுப்பு. ஆனா பதினஞ்சு செய்தி தாமதம்னு காட்டுது, காரணம் எழுதணுமே?"

"ஆயுதபூஜை அலங்காரம்னு எழுதுங்க சார்."

"ஆபீஸ்ல சிரிப்பாங்க."

"சிரிச்சிட்டுக் கையெழுத்துப் போடட்டும்."

பேச்சு முடிந்ததும் தங்கசாமி தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"தங்கச்சி, எனக்கு ஒரே ஒரு விசனம். அடுத்த வருசம் இத மட்டும் மொட்டையா வுட்டா மனசு கேக்காது. ஒரு பொட்டாச்சும் வைக்கலாமா?"

ஜெயசுதா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்பத்தின் நடுவே தம் கையாலேயே சந்தனம் குழைத்து ஒரு பொட்டு வைத்தார். ஒரு மணிச் செய்தி போகும்வரை பொறுத்திருந்தார். அது முதல் அழைப்பிலேயே சென்னை சேர்ந்தது. பையிலிருந்து புதிய பராமரிப்புக் குறிப்பேட்டை எடுத்து, முப்பத்திரண்டு ஏரிகளுக்குமான முதல் விதியை முத்து முத்தாக எழுதினார்:

"கம்பத்துக்குச் சந்தனம் இடலாம். தலைக்கு எதுவும் கூடாது."