நடுவர் கண்ட மூடுபனி

வாரநாளிலும் கறுப்பு, ஞாயிற்றுக்கிழமையும் கறுப்பு. எக்கர்ட் லூடர்ஸுக்கு வாய்த்த வாழ்க்கை அப்படி. வாரமெல்லாம் ஏணியும் தூரிகையுமாகக் கூரை கூரையாக ஏறிப் புகைபோக்கி துடைப்பார். ஞாயிறு வந்தால் கறுப்பு அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு, வட ஜெர்மனியின் வேசர் ஆற்றோரப் புல்வெளிகளில் ஊர்ச் சங்கங்களின் கால்பந்தாட்டத்துக்கு விசில் ஊதுவார்.

ஆட்டக்காரனாகத்தான் ஆசைப்பட்டார். பந்து அவர் காலோடு ஒட்டவில்லை. சங்கத்துக்கு ஒரு நடுவர் கட்டாயம், இல்லையென்றால் புள்ளியை வெட்டுவோம் என்று மாவட்டத்திலிருந்து உத்தரவு வந்தபோது, "எக்கர்ட்டை அனுப்புங்கப்பா. நடுவரும் ஆச்சு, அவன் இங்க ஆடவும் மாட்டான். நமக்கு ரெண்டு லாபம்" என்று சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டுதான் போனார். பயிற்சி வகுப்பில் பக்கத்து நாற்காலியில் வீப்கே இருந்தாள். விதிகளைப் பற்றி அன்று அவளோடு தொடங்கிய சண்டை கல்யாணத்துக்குப் பிறகும் ஓயவில்லை. அவள் பெண்கள் ஆட்டங்களுக்கு ஊதினாள், அவர் ஆண்களுக்கு.

ஒருமுறை பெரிய நகரத்து அரங்கில், விளக்குகளின் பால்வெள்ளத்தில், துணை நடுவராகக் கோட்டோரம் கொடி பிடித்து ஓடினார். அதற்கு மேல் யாரும் கூப்பிடவில்லை. மேலே போக அவருக்குக் கூரைகள் இருந்தன.

புகைபோக்கிக்காரரைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதனால் ஆட்டத்துக்கு முன் எல்லோருக்கும் அவர் தோள்மேல் ஒரு கண். எக்கர்ட் அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார். இரண்டு அணித்தலைவர்களும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு தோளைத் தொடவேண்டும். முந்திக்கொண்டால் மஞ்சள் அட்டை.

இந்த வசந்தத்தில் அவர் கண்ணுக்குள் ஏதோ வெள்ளையாக வந்து உட்கார்ந்தது. கண் டாக்டர், அது ஆபரேஷனுக்கும் போகாது, இனி கூடத்தான் செய்யும், வெளிச்சம் ஏறினால் இன்னும் மோசம் என்றார். வேலையைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டார். விசிலை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. அந்த ஒரு மூச்சில் இருபத்திரண்டு பேர் அப்படியே நிற்பார்களே, அது இல்லாமல் ஞாயிறு எப்படி விடியும்? வீப்கேக்கு மட்டும் தெரியும். "என்னிக்காவது மாட்டப்போற எக்கர்ட்" என்பாள். "மாட்டும்போது பாத்துக்கலாம்." "பாப்பியா? எதை வெச்சு?"

நவம்பரில் ஹோல்மூர் சங்கத்துக்கும் ஆல்ட்விக் சங்கத்துக்கும் ஆட்டம். வீப்கேயும் வந்து வேலியோரம் நின்றிருந்தாள். வானம் மப்பாக இருந்தது. அந்த மங்கலில் கோல்கம்பங்கள் அவருக்குச் சாம்பல் கீறலாகவாவது தெரிந்தன. மீதியைச் சத்தம் சொன்னது: ஈரப்பந்தின் தொப், முழங்காலில் பட்ட பூட்ஸ், பொய்யான அலறல், நிஜமான அலறல். கனவில் ஓடுகிறவர் மாதிரி புல்மேல் மிதந்து ஓடினார்.

"யோவ் நடுவர், கண்ணாடி வாங்குய்யா!" என்று ஹோல்மூரின் கோல்கீப்பரும் தலைவனுமான ஊபோ கத்தினான். தலை நரைத்த பிறகும் அவனுக்கு இதே பாட்டுத்தான்.

"நீ முதல்ல கையுறையில இருக்கற ஓட்டையைத் தை!"

இடைவேளையில் தேநீர் குடிக்கும்போது வெளியே யாரோ சொன்னது காதில் விழுந்தது: "ஆத்துப் பக்கம் பனி எழும்புது."

திரும்பி வந்து மைதானத்தின் நடுப்புள்ளியில் நின்றார். எங்கும் வெள்ளை. இடப்பக்கக் கோல் இல்லை, வலப்பக்கக் கோல் இல்லை. நடுவில் நின்றால் இரண்டு கோலும் தெரியவேண்டும், தெரியாவிட்டால் ஆட்டம் கிடையாது. நீளமாக ஊதினார்.

"மூடுபனி. ஆட்டம் ரத்து."

இப்படி ஒரு முடிவுக்குக் குறைந்தது நாலு வசவாவது விழவேண்டும். ஒன்றுகூட விழவில்லை. ஊபோ நடந்து வரும் சத்தம் கேட்டது. கண்ணாடியைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை.

"ஆமாய்யா," என்றான் மெதுவாக. "பனிதான். என் காலே எனக்குத் தெரியல."

"எனக்கும்," என்றான் ஆல்ட்விக்கின் தலைவன். "வாங்கடா, வழி தெரியற வரைக்கும் ஒருத்தன் தோளை ஒருத்தன் பிடிச்சுக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை. கிளம்பும் காலடிகள் கேட்டன. அப்போதுதான் எக்கர்ட்டுக்குப் பிடரியில் ஏதோ உறைத்தது. சூடு. மூடுபனி பிடரியைச் சுடாது.

"நில்லுங்க," என்றார். "ஊபோ, வெயிலா அடிக்குது?"

ஊபோ தொண்டையைச் செருமினான். "நீங்க பனின்னு சொல்லியாச்சு. நடுவர் சொன்னா சொன்னதுதானே?"

"ஆட்டம் மறுபடி தொடங்கற வரைக்கும் நடுவர் முடிவை மாத்திக்கலாம். இவ்வளவு நாள் ஆடியும் விதி தெரியலையா? இரண்டாம் பாதி உண்டு. ஊத மட்டும் வேற ஆள். ரெண்டு பேருக்கும் சம்மதம்னா, வீப்கே."

இருவரும் தலையாட்டியிருக்க வேண்டும். புல்லில் வீப்கேயின் காலடி நெருங்கியது. விசிலைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். அதில் இன்னும் அவருடைய மூச்சின் ஈரம் இருந்தது. "துடைக்கலையா?" என்றாள். பிறகு, தானும் துடைக்காமல் வாயில் வைத்துக்கொண்டாள்.

எக்கர்ட் வேலியைத் தடவிப் பிடித்து ஹோல்மூர் கோலுக்குப் பின்னால் போய் நின்றார். அந்த வெள்ளைக்குள் இளவெயில் மெல்லிய மஞ்சளாகக் கரைந்துகொண்டிருந்தது. வேலிக்கு மேலாக ஓட்டைக் கையுறை ஒன்று அவருடைய இரண்டு தோளையும் அழுத்தித் தேய்த்தது.

"ஏய்! அந்தத் தோள் ஆல்ட்விக்கோடது."

"இப்ப நீங்க நடுவர் இல்லய்யா," என்றான் ஊபோ. "ரெண்டும் எனக்குத்தான்."

வீப்கே ஊதினாள். கொஞ்ச நேரம் காலடிகள், மூச்சுகள், எங்கோ ஒரு வாத்து. பிறகு ஒரு தொப், அதன் பின்னாலேயே வலை சரசரத்தது.

"ஆஃப்சைடு!" என்று ஊபோ அலறினான். "ஏம்மா நடுவர், கண்ணாடி வாங்கும்மா!"

"கோல்தான்," என்றார் எக்கர்ட், வேலியில் சாய்ந்தபடி.